அச்சுறுத்தப்பட்ட மாணாக்கன்

மக்கள் உள்ளத்தே தோன்றி உடம்பின்கண் வெளிப்படும் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியனார், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் இடங்களை நான்கென எண்ணினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அவை. இப்பகுதியைப் பயிலுந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. உடன் பயிலும் மாணாக்கன் இந்நான்கனுள் எதன்பாற் படுவான்? ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாடத்தை ஓதுகின்ற ஒருவனைக் கண்டு மற்றொரு சிறுவன் நடுங்குதல் அப்பெரியார் காலத்தில் இல்லை போலும். நம் காலத்தில் உண்டு. பள்ளியிற் பயிலும் பதின்பருவத்துப் பிள்ளை ஒருவனை நோக்கி, ‘வெளியே வா, வெட்டுவோம்’ என்று ஒரு சொல் எழுந்தக்கால், அச்சொல் தம் செவிக்கு எட்டிய பெரியோர் செய்யக் கடவது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதனைச் சிறுபிள்ளைகளின் வாய்ச்சண்டை என்று கொள்வார் உளர். அவர்க்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை முதற்கண் எடுத்துரைப்போம். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் வாழ்ந்த பட்டியல் வகுப்பு மாணவன் ஒருவன், வள்ளியூரிலுள்ள பள்ளியொன்றிற் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்று வந்தான். நன்றாகப் படிப்பவன். உடன் பயின்ற பிற சாதிச் சிறுவர் சிலர் அவனைத் தொடர்ந்து இழிவு செய்தும் துன்புறுத்தியும் வந்தமையால், அவன் சில நாள் பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே தங்கிவிட்டான். காரணம் வினவப்பட்ட போது உற்றதை உரைத்தான். அம்முறையீடு பள்ளிக்குச் சென்றது. அது சென்ற நாளின் இரவே, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், சிறுவர் சிலர் அரிவாளோடு அவன் வீட்டினுட் புகுந்து அவனை வெட்டினர். தடுக்க முற்பட்ட தங்கையும் வெட்டுண்டாள். அவ்விரவின் அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் மயங்கி வீழ்ந்து உயிர் நீத்தார். அம்மாணவன் பிழைத்தான், கைகளிற் பட்ட காயத்தால் தானே எழுத இயலாமையின், எழுதுவோர் ஒருவரைத் துணைக்கொண்டு அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்வை எழுதி உயர்ந்த மதிப்பெண்களோடு தேறினான். அவன் பெயரை நாடறியும். ஆயினும் யாம் இங்கு எழுதாது விடுகின்றோம். தான் பட்ட வெட்டுகளால் மட்டும் அறியப்படுதல் எந்த மாணவனுக்கும் பெருமையன்று.

இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினோர் பெரும்பாலும் சாதிக்கொடுமை பற்றியே பேசினர். பேசவேண்டியதே. எனினும், எம் கருத்தைப் பற்றி இழுப்பது வேறொன்று. அஃதாவது, முறையீட்டுக்கும் வெட்டுக்கும் இடையே நின்ற சில நாழிகைகள். அச்சிறுவன் வாய் திறவாதிருந்தபோது இழிவுற்றான். வாய் திறந்த அன்றே வெட்டுண்டான். ஆகவே, ‘அஞ்சாதே, ஆசிரியரிடம் சொல்’ என்று பிள்ளைகட்கு அறிவுரை கூறி அமையும் நம்மவர் நன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொல்லுதல் அவனுக்குப் புதியதோர் இடரைக் கொணர்கின்றது. அச்சுறுத்தினவனுக்குச் சினம் மூளும் வேளை அதுவே. முறையீட்டை ஏற்ற பள்ளி மறுநாட் காலை உசாவுவோம் என்று கதவை அடைத்துச் செல்லுமாயின், அப்பிள்ளை அவ்விரவைத் தனியே கழிக்கின்றான். யாம் அறிந்தவரை இவ்விரவைப் பற்றி நம் பள்ளிகளில் எண்ணுவோர் மிகச் சிலர்.

எண்ணிய ஒருவனைத் திருமறையிற் காண்கின்றோம். அப்போஸ்தலருடைய நடபடிகள் 23ஆம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் யாவரும் படித்திருப்போம். ஆயின், பவுல் அடிகளின் பயண வரலாற்றில் ஒரு கட்டம் என்று விரைந்து கடந்திருப்போம். எருசலேமிற் சிறைப்பட்டிருந்த பவுலைக் கொல்லுமட்டும் உண்பதுமில்லை, பருகுவதுமில்லை என நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் சூளுரைத்துக் கொண்டனர். மறுநாள் விசாரணை என்னும் பெயரால் அவரை வெளியே வரவழைத்து, வழியில் மடக்கிக் கொல்வது அவர்கள் சூழ்ச்சி. இதனைப் பவுலின் சகோதரி மகனாகிய ஓர் இளைஞன் கேள்விப்பட்டான். கோட்டைக்குட் சென்று பவுலுக்கு அறிவித்தான். பவுல் நூற்றுக்கு அதிபதி ஒருவனை அழைத்து அவ்விளைஞனைச் சேனாபதியிடம் அனுப்பினார்.

இவ்விடத்தில் ஒன்று நோக்கத்தக்கது. அதற்கு முந்தின இராத்திரியிலேதான் ஆண்டவர் பவுலின் அருகே நின்று, உரோமாபுரியிலும் அவர் சான்று பகர வேண்டும் என்று உறுதி கூறியிருந்தார். அவ்வுறுதியைப் பெற்றவர், ‘ஆண்டவர் காப்பார், நீ வீட்டுக்குப் போ’ என்று மருமகனைத் திருப்பி அனுப்பினாரல்லர். நம் கிறிஸ்தவப் பள்ளிகள் சிலவற்றில், அஞ்சிவந்த பிள்ளைக்கு ஜெபம் செய்து அனுப்புதலே முழு மறுமொழியாக நின்றுவிடுகின்றது. ஜெபத்தை யாம் குறைத்துரைக்கவில்லை. பவுலைக்காட்டிலும் மிகுந்த விசுவாசம் உடையார்போல நடத்தல் வேண்டா என்பதே எம் விண்ணப்பம்.

இனிச் சேனாபதியாகிய கிளவுதியு லீசியா செய்தவற்றைப் பார்ப்போம். அவன் அவ்விளைஞனின் கையைப் பிடித்தான். ஆயிரம் வீரருக்குத் தலைவன், ஊர் பேர் தெரியாத ஒரு சிறுவனின் கையைப் பிடித்து, பிறர் செவிப்படாதவாறு அப்பால் அழைத்துச் சென்று, சொல்ல வந்தது என்னவென்று கேட்டான். ‘நீ யார் சொல்லக் கேட்டாய்? சான்று உண்டா? நீயே கற்பித்துக் கூறுகின்றாயோ?’ என்று அவன் குறுக்கே வினவியதாக நூலில் இல்லை. கேட்டு முடித்தபின், தன்னிடம் சொன்னதை வேறொருவருக்கும் சொல்லலாகாது என்று கட்டளையிட்டு அனுப்பினான். அக்கட்டளை பவுலைக் காப்பதற்கு மட்டுமன்று, சொன்னவனையும் காத்தது. அவன் பெயர் இன்றுவரை நமக்குத் தெரியாது. லூக்கா சுவிசேஷகரும் எழுதிற்றிலர்.

அதன்பின் சேனாபதி பொழுது விடியும்வரை காத்திருந்தானல்லன். இரு நூற்றுக்கு அதிபதிகளை அழைத்து, இருநூறு சேவகர், எழுபது குதிரைவீரர், இருநூறு ஈட்டிக்காரர் ஆகிய 470 பேரைத் திரட்டி, அன்று இராத்திரி மூன்றாம் மணி வேளையிலேயே பவுலைச் செசரியாவுக்கு அனுப்பினான். அஃது நம் கணக்கில் இரவு ஒன்பது மணி. நாற்பதின்மருக்கு எதிரே நானூற்றெழுபதின்மர்! வீரர் அவரை அந்திப்பத்திரி வரை கொண்டு சென்றனர். மறுநாள் காலாட்கள் திரும்ப, குதிரைவீரர் தொடர்ந்து சென்றனர். தேசாதிபதியாகிய பேலிக்சுக்குக் கடிதமும் உடன் சென்றது. குற்றம் சாட்டுவோர் தேசாதிபதியின் முன் வந்து உரைக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தான். எனவே, விசாரணை கைவிடப்படவில்லை. காவல் முந்திற்று, விசாரணை பிந்திற்று; அவ்வளவே. (அக்கடிதத்திலே தன் செயலைச் சற்று அழகுபடுத்தித் தனக்குப் புகழாகவும் எழுதிக்கொண்டான். அதிகாரிகளின் இயல்பு அக்காலத்தும் அதுவே போலும். வேலை நடந்தது; ஆகவே மன்னிப்போம்.)

பவுல் உரோமக் குடியுரிமை உடையவர் என்பதனால் அன்றோ சேனாபதி இத்துணை விரைந்தான் என்று கேட்கலாம். உண்மையே. அவ்வுரிமை இல்லாத எளியவனாக இருந்திருப்பின் நூற்றுக்கு அதிபதியின் வாயிலளவிலேயே அவன் சொல் நின்றிருக்கும். ஆனால், நாங்குநேரிச் சிறுவனும் குடியுரிமை உடையவனே. 1950 முதல் நம் நாட்டு அரசியலமைப்பு அவனுக்கு அளித்த உரிமை, உரோமன் பவுலுக்கு அளித்ததினும் சிறியதன்று.

இதனைத் தென்மாவட்டத்து நோய் என்று தள்ளிவிடுவார் தலைநகரில் உளர். எமது ஊர் மேடவாக்கம். தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் மாம்பாக்கத்திலிருந்தும் வரும் சாலைகள் அங்கே கூடுகின்றன. முன்னாளில் ஏரியும் வயலுமாய் இருந்த ஊர். இன்று எல்லா மாவட்டத்தாரும் வந்து குடியேறிய புறநகர். மாலை நேரத்தில் மேம்பாலத்தின் கீழ்ப் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நிற்கும் பள்ளிப்பிள்ளைகளின் தொகை எண்ணிலடங்காது. அங்கே அச்சுறுத்தலுக்குச் சாதியே காரணமாதல் வேண்டும் என்பதில்லை. விளையாட்டில் ஒரு தோல்வி, ஒரு பெண்ணோடு பேசியது, படத்தின் கீழ் எழுதிய ஒரு கேலி, ‘கெத்து’ என்று அவர்கள் சொல்லும் அந்த வீண் மிடுக்கு, இவற்றுள் எதுவும் போதும்.

எம் தெருவில் வாழும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு அலைபேசியில் ஒரு குரற்செய்தி வந்தது. தேர்வு முடிந்ததும் அவனை முடித்துவிடுவதாக அதிற் கண்டிருந்தது. அவன் தாய் மறுநாட் காலையிலேயே பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் அதனைக் கேட்பித்தாள். ஆசிரியர் இருவரையும் ஓரறைக்குள் அழைத்தார், அறிவுரை கூறினார், கைகுலுக்கச் செய்தார், ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்தது. அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் நால்வர் காத்து நின்றனர். அங்கே தேநீர்க்கடை வைத்திருக்கும் முதியவர் பையனின் முகத்தைப் பார்த்தே நிலைமையை உணர்ந்து, அவனைக் கடைக்குள் இழுத்து அடுப்புக்குப் பின்னே அமர்த்தி, தந்தை வந்து சேரும்வரை ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டார். லீசியாவின் வேலையை அன்று செய்தவர் அவரே. பையன் பிழைத்தான். ஆனால் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வேறு பள்ளிக்குச் சென்றவனும் அவனே. அச்சுறுத்தினோர் இன்னும் அப்பள்ளியிலேயே பயில்கின்றனர்.

அவ்வாசிரியரை யாம் கொடியவர் என்னோம். நன்னூலார் ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமை கூறினார். அந்நிறைகோலாய் இருக்கவே அவர் விரும்பினார். இருதட்டும் ஒத்து நிற்பதே நடுநிலை என்று கருதிவிட்டார். நிறைகோலின் தொழில் அஃதன்று. பொருளின் எடை எவ்வளவு என்னும் ஐயத்தை நீக்குவதே அதன் தொழில். ஒரு தட்டில் அரிவாளும் மறு தட்டில் அழுகையும் இருக்கும்போது முள் ஒருபாற் சாய்தலே நடுநிலை. அச்சுறுத்தினவனையும் அச்சுறுத்தப்பட்டவனையும் ஓரறையில் எதிரெதிரே நிறுத்துவதால் நேரும் கேடு பெரிது. முறையிட்டவன் யார் என்பது உடனே வெளியாகின்றது. அஞ்சியவன் பகைவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டியவனாகின்றான். ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று சொல்லித் தப்பப் பார்க்கின்றான். பின்னர், பள்ளி தன் கடமை தீர்ந்தது என்று கொள்கின்றது.

எல்லா மிரட்டலும் ஒரே எடையின அல்ல என்பதும் உண்மை. சினத்தில் வாய்தவறி வந்து, சினம் தணிந்தவுடன் தானும் மறையும் சொல் ஒருவகை. உள்ளத்தில் ஊன்றி, நாளும் இடமும் கருவியும் குறித்து, துணைவரைச் சேர்த்து நிற்கும் சொல் மற்றொரு வகை. அமெரிக்க நாட்டு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டூவி கார்னெல் என்பார் இவ்விருவகையைப் பிரித்தறியும் முறையை 2001ஆம் ஆண்டளவில் பள்ளிகட்கு வகுத்துத் தந்தார். முன்னதற்கு மன்னிப்பும் அறிவுரையும் போதும். பின்னதற்குக் காவல் வேண்டும். எம் தெருப் பையனுக்கு வந்த சொல்லில் நாள் குறிக்கப்பட்டிருந்தது; அதுவொன்றே அதனைப் பின்னதாக்கப் போதுமானது. எதுவென்று துணிய இயலாதவிடத்துப் பின்னதாகவே கொண்டு நடப்பது நலம். வீணாகக் காத்தமையால் ஒரு பிள்ளைக்கும் உயிர் போனதில்லை.

இளைஞன் ஒருவன் கேள்விப்பட்டதனாலேயே பவுல் பிழைத்தார் என்றோம். இஃது ஆராய்ச்சியாலும் உறுதிப்பட்டது. அமெரிக்கப் பள்ளிகளில் 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 தாக்குதல்களை அந்நாட்டு அரசின் இரு துறையினர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கை, ஐந்தில் நான்கு நிகழ்ச்சிகளில் தாக்கவிருப்பவனின் எண்ணம் முன்னரே வேறு ஒருவருக்கேனும் தெரிந்திருந்தது என்று காட்டியது. அவ்வாறு அறிந்தோர் பெரும்பாலும் உடன்பயிலும் பிள்ளைகளே; ஆசிரியரும் பெற்றோரும் அறிந்தது மிகச் சிறுபான்மை. நம் நாட்டில் துப்பாக்கி இல்லை, அரிவாள் உண்டு. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துப் பேருந்தில் தேர்வெழுதச் சென்ற பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் இழுத்து வெட்டப்பட்டு விரல்களை இழந்தான். மருத்துவர் அவற்றைப் பொருத்தப் பெரிதும் உழைத்தனர். அடுத்த திங்களிலேயே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் சிறு பிணக்கை மனத்தில் வைத்து வகுப்பறையிலேயே தோழனை வெட்டினான். தடுத்த ஆசிரியரும் காயமுற்றார்.

‘காட்டிக்கொடுப்பவன்’ என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சியே தோழர் வாளா இருக்கின்றனர். அச்சொல்லை எப்பொருளில் ஆளுகின்றோம் என்று மொழிபயிலும் நாமாவது எண்ணுதல் வேண்டும். காட்டிக்கொடுத்தல் என்பது காவலிலிருப்பவனைப் பகைவனிடம் ஒப்புவித்தல். யூதாஸ் செய்தது அது. பகைவனின் சூழ்ச்சியைக் காப்பவனிடம் உரைத்தல் அதற்கு நேர் மறுதலை. சவுல் கொல்லத் தேடியபோது, அவன் மகனாகிய யோனத்தான் அம்புகளை எய்து தாவீதுக்குக் குறிப்பால் அறிவித்தானே, அவனைக் காட்டிக்கொடுத்தவன் என்பார் உண்டோ?

சட்டம் இவ்வகையிற் குறைவுடையதன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு மிரட்டலையே தனிக்குற்றமாகக் கூறுகின்றது. கொல்வேன், கொடுங்காயம் விளைப்பேன் என்று மிரட்டுதற்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு. பெயரை மறைத்து அனுப்பும் மிரட்டலுக்கு மேலும் ஈராண்டு. பட்டியல் சாதியார் பழங்குடியார் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் சேர்ந்துள்ள 15அ என்னும் பிரிவு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பதை அரசின் கடமையாக்குகின்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி காவல் நிலையந்தோறும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் குறிக்கப்படுகின்றார். 1098 என்னும் எண்ணும் கல்வித்துறையின் 14417 என்னும் எண்ணும் பள்ளிப்பிள்ளைகள் அறிந்தவையே. மிரட்டற் செய்தியை வெறுப்பால் அழித்துவிடாது வைத்துக்கொள்ளுதலும், சொல்லப்பட்ட சொற்களையும் நேரத்தையும் அன்றே எழுதிக்கொள்ளுதலும் பெற்றோர் நினைவில் வைக்கத்தக்கன.

நாங்குநேரி நிகழ்ச்சியின் பின் அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூன் 18ஆம் நாள் தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. சாதிப்பெயர்களைப் பள்ளிப்பெயர்களினின்று நீக்குதல், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுத்தல் முதலிய பரிந்துரைகளைச் செய்தித்தாள்கள் பெரிதாக வெளியிட்டன. பலர் சினந்தனர், பலர் போற்றினர். எமக்கு அவற்றினும் பயனுடையதாகத் தோன்றுவது, 500 மாணாக்கர்க்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்துக என்பது. கயிற்றை அறுப்பது ஒரு நாள் வேலை. மாலை நான்கரை மணிக்கு வாயிலில் நின்று, இன்னார் இன்று இன்ன பேருந்தில் இன்னாரோடு செல்கின்றான் என்று பார்த்து, இரவு ஒருமுறை அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் உசாவி, ஒரு வாரத்தோடு நில்லாது ஒரு திங்கள் அவ்வாறு செய்தல் ஒருவரின் முழுநேர வேலை. கணக்குப்பாடமும் நடத்தி, தேர்வுத்தாளும் திருத்தும் ஆசிரியர்மேல் இதனையும் சுமத்தினால் கைகுலுக்கற் சமாதானமே எஞ்சும்.

இவ்விதழை வாசிக்கும் நம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று தலைமையாசிரியராகவும் தாளாளராகவும் உள்ளனர். அவர்களிடம் யாம் கேட்பது ஒன்று. அச்சுறுத்தல் நேர்ந்தால், ‘சில நாள் வீட்டிலே இருக்கட்டும்’ என்று அச்சுறுத்தப்பட்டவனின் பெற்றோர்க்குச் சொல்லி அனுப்பும் வழக்கத்தை விட்டொழிக்கலாகாதா? குற்றமற்றவனின் பாடம் தடைப்படுகின்றது. அவன் இடம் காலியாயிருப்பதைக் கண்டு மற்றவன் வெற்றிகொண்டாடுகின்றான். ஒருவன் சில நாள் விலகியிருத்தல் இன்றியமையாததாயின், விலக வேண்டியவன் மிரட்டினவனே. அப்போதும் அவன் பாடம் கெடாதவாறும், அவனோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்குமாறும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஏனெனில் மிரட்டினவனும் பிள்ளையே. நாங்குநேரியில் அரிவாளெடுத்தவரும் பதினெட்டு நிரம்பாதவர். கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர். அவர்கள் கையில் சாதியைக் கொடுத்தவர் எவர் என்பதும் அரிவாளைக் கொடுத்தவர் எவர் என்பதும் வெவ்வேறு வினாக்கள் அல்ல. ஆதியாகமத்தில், ஆபேல் இன்னும் உயிரோடிருக்கும்போதே கடவுள் காயீனிடம் சென்று, முகம் வேறுபட்டது எற்றுக்கு என வினவி எச்சரித்தார். காயீன் கேளாது போனான் என்பது உண்மையே. ஆயினும், கொலைக்கு முன்னே அவனிடமும் ஒருவர் சென்று பேசினார்.

எம் தெருப் பையனைக் காத்த தேநீர்க்கடை முதியவரோடு பின்னர் ஒருநாள் உரையாடினோம். அந்நால்வருள் ஒருவனை அவர் நெடுநாளாக அறிவார். வீட்டில் தந்தை குடித்துவிட்டு அடிப்பதால் இரவு எட்டு மணிவரை கடை வாயிலிலேயே அமர்ந்திருப்பானாம். இன்றும் மாலைதோறும் வருகின்றான் என்றும், அவனைத் தேடிப் பள்ளியிலிருந்து ஒருவரும் இதுவரை வந்ததில்லை என்றும் அவர் சொன்னார்.